படித்துறையும் சாக்கடையும்

லண்டனில் தேம்ஸ் நதியின் வடகரையை ஒட்டி, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்திலிருந்து கிழக்கே வாப்பிங் வரையில் நடந்தால் ஏறக்குறைய நாலு மைல் இருக்கும். சுறுசுறுப்பான ஆசாமி ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவான். நான் ஒரு முழுப் பகலை எடுத்துக்கொண்டேன். கூட யாரும் இல்லை. தனியாக நடப்பதில் இது ஒரு சௌகரியம்: கண்ட இடத்தில் நிற்கலாம், “ஏன் நின்றுவிட்டீர்கள்?” என்று கேட்க ஆள் கிடையாது.

பாலத்தை விட்டு இறங்கியதும் தொடங்குகிறது விக்டோரியா அணைக்கரை. இடுப்பளவு கருங்கல் சுவர், அதன்மேல் மீன்கள் சுற்றிப் பின்னிய விளக்குக் கம்பங்கள், சாலையோரம் வரிசையாகப் பிளேன் மரங்கள், ஒட்டகம் படுத்திருப்பதுபோல் இரும்பில் வார்த்த பெஞ்சுகள். ஜனங்கள் காற்று வாங்கவேண்டும், நதியைப் பார்த்து மகிழவேண்டும் என்று யாரோ புண்ணியவான் கட்டிவைத்ததாகத்தான் எண்ணத் தோன்றும். உண்மை வேறு. அங்கே நாம் நடப்பது ஒரு பெரிய சாக்கடையின் மூடிமேல். சாக்கடை வேண்டியிருந்ததால் கரை வந்தது. கரை வந்ததால், கூடவே, நடக்க ஒரு பாதையும் வந்தது.

அதற்குமுன் அந்தப் பகுதியில் நதியோரம் நடப்பது என்ற பேச்சே இல்லை. ஸ்ட்ராண்டு வீதிக்கும் தண்ணீருக்கும் நடுவே பிரபுக்களின் மாளிகைகள். தோட்டத்தின் கோடியில் ஆளுக்கொரு படித்துறை. அதிலே அவரவர் படகு. பிற்காலத்தில் மாளிகைகள் பெரும்பாலும் போய், நிலக்கரித் துறைகளும் கிடங்குகளும் வந்தன. சாதாரண ஜனங்களுக்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில சந்துகள், படகேறப் படிகள், அவ்வளவுதான். இதற்குச் சாட்சி சொல்ல ஒரு வாசல் இன்னும் நிற்கிறது. பக்கிங்ஹாம் பிரபு தம் மாளிகைக்காக 1626-ல் கட்டிய நீர்வாசல் அது. தூணும் வளைவும் சிங்கமுமாக வெகு ஜோர். ஆனால் இப்போது அது ஒரு பூங்காவுக்குள், புல்தரைமேல், நதியை விட்டு நூறு கஜத்துக்கும் அப்பால் நிற்கிறது. வாசல் நகரவில்லை, நதிதான் நகர்த்தப்பட்டது. ஒரு காலத்தில் அந்தப் படிகளைத் தண்ணீர் தொட்டது. இப்போது பகல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு ஆபீஸ் குமாஸ்தாக்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

நதியை நகர்த்தவேண்டிய அவசியம் என்ன வந்தது? 1801-ல் லண்டனில் சுமார் 10 லட்சம் பேர் இருந்தார்கள். ஐம்பது வருஷத்தில் அது 25 லட்சத்தை ஒட்டி வளர்ந்துவிட்டது. பழைய நாளில் வீட்டுக்கு வீடு மலக்குழி. இரவில் வண்டி கட்டிக்கொண்டு வந்து அள்ளிப் போய் வயலுக்கு உரமாக விற்பார்கள். பிறகு தண்ணீர் ஊற்றி அலசும் கக்கூஸ் பிரபலமாயிற்று. குழிகள் நிரம்பி வழிந்தன. சுகாதார அதிகாரிகள் குழிகளை மூடச் சொல்லி, எல்லாவற்றையும் மழைநீர்க் கால்வாயில் விடச் செய்தார்கள். கால்வாய் போய்ச் சேருமிடம் தேம்ஸ். குடிநீர்க் கம்பெனிகள் பல தண்ணீர் எடுத்ததும் தேம்ஸ். 1849-ல் மட்டும் காலராவில் சுமார் 14,000 பேர் மாண்டார்கள்.

1854-ல் ஜான் ஸ்னோ என்ற டாக்டர், ஸோஹோ பகுதியில் ஒரே ஒரு தெருக் குழாயைச் சுற்றி 600 பேருக்கு மேல் இறந்ததைக் கணக்கெடுத்து, வியாதி தண்ணீரில் வருகிறது என்று காட்டினார். பெரிய மனிதர்கள் ஏற்கவில்லை. கெட்ட நாற்றமே வியாதி என்பது அவர்கள் சாஸ்திரம். மறு வருஷம் விஞ்ஞானி மைக்கேல் பாரடே படகில் போகும்போது வெள்ளை அட்டைத் துண்டுகளை நனைத்து நதியில் போட்டுப் பார்த்தார். ஓர் அங்குலம் இறங்குவதற்குள் துண்டு கண்ணுக்குத் தெரியவில்லை. அதைப் பத்திரிகைக்கு எழுதினார். படித்தார்கள், பேசினார்கள், அத்தோடு சரி.

1858 கோடையில் வெயில் கடுமையாக அடித்தது. கடலின் ஓதம் லண்டனைத் தாண்டியும் ஏறுவதால், வடியும்போது போன கழிவு ஏறும்போது திரும்பி வந்துவிடும். அது கரைச் சேற்றில் தங்கி வெயிலில் காய்ந்தது. கூவத்தை அறிந்த வாசகர்களுக்கு மேலே விவரிக்கவேண்டியதில்லை. நதியை ஒட்டிப் புதிதாக எழும்பியிருந்த பார்லிமெண்டின் திரைச்சீலைகளை, நாம் பிளீச்சிங் பவுடர் என்கிறோமே, அந்தக் கரைசலில் தோய்த்துத் தொங்கவிட்டார்கள். பலிக்கவில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு மெம்பர்கள் ஓடினார்கள். நிதி மந்திரி டிஸ்ரேலி மசோதா கொண்டுவந்தார். 18 நாளில் அது சட்டமாயிற்று. பதினாலாயிரம் பிணங்கள் சாதிக்காததைச் சில நூறு மூக்குகள் சாதித்தன. அதிலும் ஒரு வேடிக்கை. நாற்றத்தை ஒழித்தால் வியாதி ஒழியும் என்று நினைத்துத்தான் அவ்வளவும் செய்தார்கள். நினைப்பு தப்பு; காரியம் சரியாக முடிந்தது. சரித்திரத்தில் இப்படி நடப்பதுண்டு. கதையில் எழுதினால் வாசகர் நம்பமாட்டார்.

காரியத்தை முடித்தவர் ஜோசப் பஸல்ஜெட் என்ற இஞ்சினீயர். நதியை நோக்கி ஓடிய சாக்கடைகளையெல்லாம் குறுக்கே மறித்து, 82 மைல் நீளத்துக்குப் பெரிய செங்கல் சாக்கடைகளைக் கட்டி, கழிவைக் கிழக்கே ஊருக்கு வெளியே கொண்டுபோவது அவர் திட்டம். நதியோரம் போகவேண்டிய சாக்கடைக்குத்தான் இடம் அகப்படவில்லை. ஸ்ட்ராண்டைத் தோண்டினால் வியாபாரிகள் விடுவார்களா? ஆகவே நதிக்குள்ளேயே சுவர் எழுப்பி 37 ஏக்கரைத் தூர்த்தார்கள். அடியில் சாக்கடை, அதன் பக்கத்தில் சுரங்க ரயில், காஸுக்கும் குடிநீருக்கும் குழாய்வழி, எல்லாவற்றுக்கும் மேலே சாலையும் நடைபாதையும். 1864-ல் தொடங்கி 1870-ல் திறந்தார்கள். செலவில் பெரும்பங்கு லண்டனுக்குள் வந்த நிலக்கரிமேலும் ஒயின்மேலும் விதித்த வரியிலிருந்து வந்தது. ஒயின் குடிக்காதவனுக்கும் குளிர் உண்டு. ஏழை வீட்டு அடுப்பும் இந்தக் கரைக்குக் காசு கொடுத்திருக்கிறது.

காசு கொடுத்தவனுக்கு நிலம் சும்மா கிடைத்துவிடவில்லை. தூர்த்த நிலத்தில் ஒரு பகுதி ராஜாங்கச் சொத்து, அதில் கட்டடம் எழுப்பலாம் என்று கிளாட்ஸ்டன் சர்க்கார் எண்ணியது. அந்தத் தொகுதி மெம்பர், ரயில்வே ஸ்டேஷன்தோறும் புத்தகக் கடை வைத்த டபிள்யூ. எச். ஸ்மித், எதிர்த்து நின்றார். வாதம் சில வருஷம் இழுத்தது. கடைசியில் அது பூங்காவாகவே தங்கிற்று. புத்தகம் விற்றவர் செய்த காரியம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

பாலத்தடியில் பஸல்ஜெட்டுக்கு ஒரு சிறிய மார்பளவுச் சிலை இருக்கிறது. நதிக்கு விலங்கு பூட்டியவர் என்று லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். சற்று தூரத்தில், எகிப்திலிருந்து கொண்டுவந்து 1878-ல் நிறுத்திய கிளியோபாத்ராவின் ஊசி. கூட்டமெல்லாம் அங்கேதான். சிலையடியில் நான் நின்ற அரைமணியில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிளாக்பிரையர்ஸ் தாண்டினால் நகரத்தின் பழைய பகுதி. கண்ணாடிக் கட்டடங்களும் ஒதுக்குச் சந்துகளுமாகப் பாதை வளைந்து போகிறது. டவர் கோட்டை வரையில் விசேஷமாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கோட்டையைத் தாண்டிக் கிழக்கே கால் வைத்ததும்தான், மேற்கேயிருந்து துரத்திய கழிவு எங்கே போயிற்று என்ற கேள்வி வருகிறது.

கிழக்கு லண்டன் கூலிக்காரர்களின் ஊர். புதுச் சாக்கடை அவர்களிடம் கடைசியாகத்தான் வந்தது. வேலை முடியுமுன் 1866-ல் காலரா மறுபடி வந்து, பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. இன்னும் கீழே, பெக்டனிலும் கிராஸ்நெஸ்ஸிலும், ஓதம் வடியும் நேரம் பார்த்துக் கழிவைச் சுத்தம் செய்யாமல் அப்படியே நதியில் திறந்துவிட்டார்கள். 1878 செப்டம்பர் 3-ந் தேதி மாலை, உல்லாசப் பயணம் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ‘பிரின்சஸ் ஆலிஸ்’ என்ற நீராவிப் படகு, ஒரு நிலக்கரிக் கப்பலோடு மோதி அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே உடைந்தது. சற்று முன்னால்தான் கழிவைத் திறந்திருந்தார்கள். 600 பேருக்கு மேல் இறந்தார்கள். நீந்தத் தெரிந்தவர்களையும் அந்தத் தண்ணீர் விடவில்லை. அதன் பிறகே கசடைப் பிரித்து, 1887 முதல் கப்பலில் ஏற்றிக் கடலில் கொண்டுபோய்க் கொட்டலானார்கள். அது 1998 வரை நடந்தது.

1957-ல் தேம்ஸ் உயிரற்ற நதி என்று லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்து நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். பிறகு கழிவைச் சுத்தம் செய்யும் நிலையங்களைப் பெரிதாக்கினார்கள். 1974-ல் ஸால்மன் மீன் ஒன்று திரும்பி வந்தது. ஆயினும் மழைநீரும் சாக்கடையும் ஒரே குழாயில்தான். பெருமழை பெய்தால் குழாய் பொங்கி நதியில் விழும். அதற்காக நதியடியில் 25 கிலோமீட்டருக்கு இன்னொரு சுரங்கச் சாக்கடை தோண்டி, 2025-ல் எல்லா இணைப்பும் கொடுத்தார்கள். பிளாக்பிரையர்ஸ் பக்கம் அதன்மேலும் ஒரு திடல் அமைத்துப் பஸல்ஜெட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

வாப்பிங்கில் பாதை துண்டு துண்டாகக் கிடக்கிறது. பழைய கிடங்குகள் பணக்காரர்களின் குடியிருப்பாகிவிட்டன. சில இடத்தில் நதியோரம் விடுகிறார்கள், சில இடத்தில் கேட்டைப் பூட்டி வீதிக்கு அனுப்புகிறார்கள். ஒரு மதுக்கடையின் பக்கவாட்டில், இரண்டு பேர் சேர்ந்து போகமுடியாத சந்து ஒன்று. அதன் முடிவில் வாப்பிங்கின் பழைய படித்துறை. பாசி பிடித்துத் தேய்ந்த கல்படிகள். பூங்காவில் பார்த்த பிரபுவின் வாசலைப்போல் அல்ல. இவை இன்னும் தண்ணீரைத் தொடுகின்றன. நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். ஓதம் ஏறும் நேரம். பெக்டன் பக்கமிருந்து வந்த தண்ணீர் படிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு, மேற்கே பார்லிமெண்டு இருக்கும் திசையில் போய்க்கொண்டிருந்தது.