ஊர்க்குளமும் உயிர்நூற் கல்வியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செருமானியப் பள்ளிகளில் உயிரினங்கள் பெரும்பாலும் உறுப்பும் வகையும் கூறும் வருணனையாகவே பயிலப்பட்டன. கீல் நகரப் பேராசிரியர் கார்ல் மோபியசு, 1877-இல் வெளியிட்ட நூலில், சிப்பிப் படுகையின் உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் ஒரு கூட்டமே என விளக்கினார். அக்கருத்தை அந்நகர்ப் பள்ளியாசிரியர் பிரீட்ரிக் யுங்கே சிறுவர் கல்விக்கு உரியதாக்கினார். 1885-இல் வெளிவந்த அவர்தம் நூல் ஊர்க்குளத்தையே பாடப்பொருளாகக் கொண்டது. இருப்பிடம், வாழ்முறை, உறுப்பமைப்பு ஆகிய மூன்றும் தம்முள் இயைந்திருத்தலை மாணவர் நேரிற் கண்டுணர்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. எனவே, தனியுயிரினும் அது வாழும் இடமே முதற்கண் நோக்கத்தக்கதாயிற்று.

கருப்பொருள்களைத் திணைதோறும் பட்டியலாக ஒப்புவிக்கச் செய்யும் தமிழாசிரியராகிய நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். நெய்தற் பாட்டைப் பயில்வோர் ஒருநாளேனும் கழிக்கரையில் நின்று காணுதல் வேண்டும் என்பதே எம் துணிபு.