சுங்கத்தின் நேர்மை யாருக்கு? சிங் அரசும் ஐந்து விழுக்காடும்

சிங் வம்சம் ஆண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீனத்தில் மேலை வல்லரசுகளின் ஆதிக்கம் என்றதும் அபினிப் பெட்டியும் பீரங்கிப் படகுமே நினைவுக்கு வருகின்றன. இரண்டையும் மறுப்பதற்கில்லை. 1842இன் நான்கிங் உடன்படிக்கை ஐந்து துறைமுகங்களைத் திறந்தது, ஹாங்காங்கைப் பறித்தது, 2.1 கோடி வெள்ளி டாலர் இழப்பீடு விதித்தது. ஆயினும் இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகள் கனவு கண்ட சந்தை மட்டும் திறக்கவில்லை. உழவர் வீட்டுத் தறியில் நெய்த முரட்டுத் துணியோடு மான்செஸ்டர் துணி போட்டியிட முடியாது என்று பிரிட்டிஷ் அதிகாரி மிட்செல் 1852இலேயே அறிக்கை எழுதிவிட்டார். அப்படியிருந்தும் வல்லரசுகளின் பிடி இறுகிக்கொண்டே போயிற்று. அந்தப் பிடி சந்தையில் இல்லை, சுங்க வருவாயில் இருந்தது என்பதே என் வாதம்.

1853இல் சிறுவாள் சங்கம் என்ற கிளர்ச்சிக் குழுவினர் ஷாங்காய் நகரைக் கைப்பற்றியபோது அங்கிருந்த சுங்க நிர்வாகம் குலைந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டன், அமெரிக்கா, பிரான்சு ஆகியவற்றின் தூதர்கள் முன்மொழிந்த மூவர் அப்பொறுப்பை ஏற்றனர். இந்த அவசர ஏற்பாடே வளர்ந்து பேரரசின் கடல்சார் சுங்கத்துறையாயிற்று. 1863இல் பிரிட்டானியரான ராபர்ட் ஹார்ட் அதன் தலைவரானார்.

ஹார்ட்டைப் போற்றுவோர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. அவர் கையூட்டை ஒடுக்கினார், கலங்கரை விளக்கங்கள் அமைத்தார், வணிகப் புள்ளிவிவரங்களை ஒழுங்காக வெளியிட்டார். தாம் சீன அரசின் ஊழியர் என்பதைத் தம் அயல்நாட்டு அலுவலர்களுக்கும் வலியுறுத்தினார். 1911 வரை அத்துறை வரியைக் கணக்கிட்டதே தவிர, பணத்தைப் பெற்றவர்கள் சீன அதிகாரிகள்தாம். 1890களில் வருவாய் ஆண்டுக்கு இரண்டு கோடி டேலை (டேல் என்பது சீனத்தின் வெள்ளி எடை அலகு) தாண்டியது. திவாலாகும் நிலையிலிருந்த அரசுக்கு இது சிறிய உதவியல்ல.

ஆனால் வரி விகிதத்தை நிர்ணயிக்கும் உரிமை அவரிடமும் இல்லை, பேரரசரிடமும் இல்லை. ஏறத்தாழ ஐந்து விழுக்காடு என்று உடன்படிக்கை கட்டிவைத்தது. அதையும் பொருளின் அன்றாட விலைக்கு ஏற்ப வாங்க முடியாது. 1858இன் பட்டியல் பெரும்பாலான பண்டங்களுக்கு இவ்வளவு எடைக்கு இவ்வளவு வெள்ளி என்று குறித்துவிட்டது. வெள்ளியின் மதிப்பு சரிந்து விலைகள் ஏறியபோது உண்மை விகிதம் ஐந்துக்கும் கீழே இறங்கியது. பட்டியல் திருத்தப்பட்டது 1902இல்தான். இதற்கிடையே கூடுதலாக இரண்டரை விழுக்காடு கட்டிய அயல்நாட்டுச் சரக்கு உள்நாட்டுச் சாவடிகளைத் தடையின்றிக் கடந்தது. சீன வணிகரின் சரக்கோ சாவடிதோறும் லிகின் என்ற உள்நாட்டுச் சரக்கு வரியைக் கட்டியது. சீன வணிகர் பலர் அயல்நாட்டார் பெயரில் அனுமதிச்சீட்டு வாங்கியதை மோசடி என்று அக்காலத் தூதரகங்களே முணுமுணுத்தன. அந்த வேடத்தை அவசியமாக்கியது அவர்களே எழுதிய உடன்படிக்கைதான்.

முடிச்சு இறுகியது 1895க்குப் பின்னரே. போரில் தோற்றதால் ஜப்பானுக்குச் செலுத்தவேண்டிய 20 கோடி டேல் இழப்பீட்டுக்காக 1895, 1896, 1898 ஆண்டுகளில் பெருங்கடன்கள் வாங்கப்பட்டன. மூன்றுக்கும் சுங்க வருவாய் ஈடாக வைக்கப்பட்டது. வருவாய் வெள்ளியில் வந்தது, கடனைப் பொன்னில் அடைக்கவேண்டியிருந்தது. 1870களின் தொடக்கத்தில் ஆறு ஷில்லிங்குக்கு மேல் பெற்ற ஒரு டேல், நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ மூன்று ஷில்லிங்குக்கு இறங்கியிருந்தது. வரியை உயர்த்தி ஈடுகட்டலாம் என்றால் உடன்படிக்கை தடுத்தது. நிர்வாகத்தையாவது மாற்றலாம் என்றால் கடன் முடியும்வரை சுங்கத்துறை இருந்தபடியே இருக்கவேண்டும் என்று கடன் பத்திரமே நிபந்தனையிட்டது. ஹார்ட் கட்டிய நேர்மையான துறை இப்போது லண்டன் கடன்பத்திரதாரருக்கான உத்தரவாதமாயிற்று. அது ஊழல் மலிந்ததாக இருந்திருந்தால் அவ்வளவு கடன் கிடைத்திருக்காது.

அயல்நாட்டாருக்கு எதிரான பாக்சர் கிளர்ச்சிக்காக 1901இல் விதிக்கப்பட்ட இழப்பீடு, 45 கோடி டேல், இதே வழியில் பெருஞ்சுமையைச் சேர்த்தது. சிங் ஆட்சியை வீழ்த்திய 1911 புரட்சிக்குப் பின் வசூலும் சுங்கத்துறையின் அயல்நாட்டுத் தலைவரின் கைக்கே மாறி, பணம் அயல்நாட்டு வங்கிகளில் செலுத்தப்பட்டது. கடன் தவணை போக எஞ்சியதைப் பெறவும் பீக்கிங் அரசு தூதர்களின் இசைவுக்குக் காத்திருந்தது.