சாயவேரின் ரகசியம் யாருடையது?

1993 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸின் கொள்முதல் தலைவர் லோபஸ், போட்டி நிறுவனமான ஃபோக்ஸ்வாகனுக்குத் தாவினார். கையோடு ரகசிய ஆவணங்களையும் கொண்டுபோய்விட்டார் என்று பழைய கம்பெனி வழக்குப் போட்டது. 1997 ஜனவரியில் சமரசம்: ஃபோக்ஸ்வாகன் 10 கோடி டாலர் கொடுத்தது, 7 ஆண்டுகளில் 100 கோடி டாலருக்கு உதிரிபாகங்கள் வாங்கவும் ஒப்புக்கொண்டது. இரண்டு ராட்சசர்கள் அடித்துக்கொண்டார்கள், நமக்கென்ன என்று விட்டுவிடலாம். ஆனால் தொழில் உளவு என்ற இந்தக் கதைக்கு ஒரு பூர்வகாண்டம் உண்டு. அது நம்ம கடற்கரையில் நடந்தது.

சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகள் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தையைப் பிடித்தபோது, அங்குள்ள பட்டு, கம்பளி உற்பத்தியாளர்கள் தத்தம் அரசிடம் ஓடினார்கள். பிரான்ஸ் 1686இல் தடை போட்டது. 1759 வரை அதை நீக்கவில்லை. இங்கிலாந்து 1700லும் 1721லும் சட்டம் செய்தது. ஒரு கை தடை. மறு கை உளவு. 1734 வாக்கில் பொலியு என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, வேதியியலாளர் துஃபே கேட்டுக்கொண்டபடி, புதுச்சேரியில் சாயக்காரர்கள் வேலை செய்வதைப் பார்த்து எழுதினார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டார். 1742இல் சேசு சபைப் பாதிரியார் கெர்தூ இதே தொழிலைப் பற்றி விரிவான கடிதம் எழுதினார். கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறிய துணி, கறுப்புக் கோட்டுக்கு இரும்பு, சிவப்புக்குப் படிகாரமும் சாயவேரும், நீலத்துக்கு மெழுகும் அவுரியும் — எல்லாம் அச்சேறின. சொல்லிக்கொடுத்தவர்கள் புதிதாக மதம் மாறிய சாயக்காரர்கள். பாதிரியின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அவர்கள் பெயர் எங்கே?

இதைத் திருட்டுன்னு சொல்லலாமா? பூட்டு உடைக்கப்படவில்லை, கேட்டார்கள், சொன்னார்கள். ஆனால் ஞானஸ்நானம் கொடுத்த கை கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல எத்தனை பேருக்கு முடியும்? அதற்காக அந்த அறிவு ஊருக்கெல்லாம் பொதுவாக இருந்தது என்று புனைந்துகொள்ளவும் வேண்டாம். அதுவும் குலத்தொழிலின் வேலிக்குள் கிடந்ததுதான்.

கவனிக்க வேண்டியது வேறு. எடுத்துக்கொண்டு முடித்தவன் உடனே கதவைச் சாத்துகிறான். 1774இல் இங்கிலாந்து பருத்தித் தொழில் கருவிகளை ஏற்றுமதி செய்யத் தடை விதித்தது. கைவினைஞர்கள் வெளியேறவும் தடை இருந்தது. 1789இல் சாமுவேல் ஸ்லேட்டர் ஆர்க்ரைட் இயந்திரத்தின் அமைப்பை மூளையில் சுமந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இங்கிலாந்துக்கு அவர் துரோகி. அமெரிக்காவுக்குத் தொழில்துறையின் தந்தை. ஆளும் செயலும் ஒன்றுதான். பெயர் வைக்கிற அதிகாரம்தான் வேறு.

அந்த அதிகாரம் 1995இல் உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்தில் சட்டமாகவே வந்தது. அதன் 39ஆம் பிரிவு 'வெளியிடப்படாத தகவலை'ப் பாதுகாக்கிறது. நிபந்தனைகள் மூன்று: அது ரகசியமாக இருக்க வேண்டும், ரகசியம் என்பதாலேயே வணிக மதிப்புப் பெற்றிருக்க வேண்டும், வைத்திருப்பவர் அதைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். இரும்புப் பெட்டியும் வக்கீலும் உள்ள கம்பெனி மூன்றிலும் தேறிவிடும். விரல் நுனியிலும் தண்ணீரின் ருசியிலும் தொழிலை வைத்திருந்தவன்? அவனுடையது 'பாரம்பரியம்' — அதாவது, யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

லோபஸ் வழக்கில் இழப்புக்கு ஒரு விலை இருந்தது. கணக்குப் போட ஆள் இருந்தது. புதுச்சேரியில் வெட்டப்பட்ட துணித் துண்டுகள் இன்றும் பாரிஸில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கான பில்லை எழுத யாரும் இல்லை.