யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்: ஓர் ஆல்பமும் அதைக் கேட்டவர்களும்

யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட் என்பது அமெரிக்காவின் சிகாகோ நகரைச் சேர்ந்த வில்கோ என்னும் ராக் இசைக்குழுவின் நான்காவது ஆல்பம் ஆகும். 2001-ஆம் ஆண்டில் பதிவு செய்து முடிக்கப்பட்ட இதை, குழுவோடு ஒப்பந்தம் செய்திருந்த நிறுவனம் ஏற்க மறுத்தது. கடைகளுக்கு வருவதற்கு ஏழு மாதங்களுக்கு முன்பே ரசிகர்கள் இதை இணையத்தில் கேட்டுவிட்டனர். விற்பனையாளர்களுக்கு முன்பாகக் கேட்பவர்கள் தீர்ப்புச் சொன்ன நிகழ்வு என்பதால், இது இசை வணிக வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

பின்னணி

இண்டி ராக் என்ற பெயர், பெரிய நிறுவனங்களைச் சாராத சிறு நிறுவனங்கள் வெளியிட்ட ராக் இசையை முதலில் குறித்தது. நாளடைவில், விற்பனையைவிடக் கலைஞரின் சொந்த விருப்பத்தை முன்வைக்கும் இசைப்பாணிக்கும் அதுவே பெயராயிற்று. வில்கோ இந்த இரண்டாவது பொருளில்தான் இண்டி குழுவாகக் கருதப்படுகிறது. அப்போது அது வார்னர் குழுமத்தைச் சேர்ந்த ரிப்ரைஸ் என்னும் பெரிய நிறுவனத்தில்தான் இருந்தது.

ராக் இசையையும் அமெரிக்கக் கிராமியப் பாணியான கன்ட்ரி இசையையும் இணைத்துப் பாடிய அங்கிள் டுபெலோ என்ற குழு 1994-இல் பிரிந்தது. அதிலிருந்த ஜெஃப் ட்வீடி மற்ற உறுப்பினர்களுடன் சேர்ந்து வில்கோவைத் தொடங்கினார். வானொலித் தொடர்பில் "சொன்னபடி செய்கிறேன்" என்பதற்குப் பயன்படும் சுருக்கச் சொல்லே வில்கோ. 1996-இல் வந்த பீயிங் தேர், 1999-இல் வந்த சம்மர்டீத் ஆகிய ஆல்பங்கள் விமர்சகர்களிடம் நற்பெயர் பெற்றன. விற்பனை நடுத்தரமாகவே இருந்தது.

பரிசோதனை

நான்காவது ஆல்பத்தைக் குழுவினர் சிகாகோவில் உள்ள தங்கள் சொந்தக் கூடத்தில் பதிவு செய்தனர். பாடல்கள் முதலில் எளிய மெட்டுகளாகவே உருவாயின. பிறகு அவற்றைப் பிரித்து, இடையிடையே இரைச்சல், மின்னணு ஒலிகள், தடம் மாறும் தாளம் ஆகியவற்றைச் சேர்த்தனர். ஏறத்தாழ ஏழு நிமிடம் நீளும் முதல் பாடலில் பியானோ, மணியோசை, தாளம் ஆகியவை ஒன்றோடொன்று சேர்வதும் விலகுவதுமாக இருக்கும்.

புதிய தாளக் கலைஞராக க்ளென் கோட்சி சேர்ந்தார். ஒலிக்கலவையை ஜிம் ஓ'ரூர்க் மேற்கொண்டார். அவர் பல இடங்களில் கருவிகளை நீக்கி, பாடலில் வெற்றிடம் உண்டாக்கினார். ஒலிக்கலவை குறித்து ட்வீடிக்கும் குழுவின் மற்றொரு முக்கியக் கலைஞரான ஜே பென்னட்டுக்கும் கருத்து வேறுபாடு முற்றியது. பதிவு முடிந்தபின் 2001-இல் பென்னட் குழுவிலிருந்து விலக்கப்பட்டார்.

ஆல்பத்தின் பெயரும் வானொலியிலிருந்து வந்ததே. சிற்றலை வானொலியில் சில மர்ம நிலையங்கள் எண்களையும் எழுத்துகளையும் மட்டும் படித்துக்கொண்டிருக்கும். உளவாளிகளுக்கான மறைமொழிச் செய்திகள் அவை எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. அத்தகைய ஒலிபரப்புகளைத் திரட்டிய கோனெட் ப்ராஜெக்ட் என்ற தொகுப்பில், ஒரு பெண் குரல் ஒய், எச், எஃப் ஆகிய எழுத்துகளுக்கு உரிய அடையாளச் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அச்சொற்களே யாங்கி, ஹோட்டல், ஃபாக்ஸ்ட்ராட். அந்தக் குரல் ஆல்பத்தின் பாடல் ஒன்றின் முடிவிலும் ஒலிக்கிறது. அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக அத்தொகுப்பின் வெளியீட்டாளர் வழக்குத் தொடர, அது பின்னர் சமரசத்தில் முடிந்தது.

நிறுவனத்தின் மறுப்பு

2001 ஜனவரியில் ஏஓஎல் நிறுவனமும் டைம் வார்னர் நிறுவனமும் இணைந்தன. செலவுக் குறைப்பும் ஆட்குறைப்பும் தொடர்ந்தன. வில்கோவுக்கு ஆதரவாக இருந்த ரிப்ரைஸ் தலைவர் ஹோவி க்ளைன் பதவி விலகினார். புதிய பொறுப்பாளர்கள் ஆல்பத்தைக் கேட்டபோது, வானொலியில் ஒலிபரப்பத் தக்க வெற்றிப் பாடல் எதுவும் அதில் தென்படவில்லை. அவர்கள் மாற்றங்களை விரும்பினர்; குழு இணங்கவில்லை. முடிவில் ஒப்பந்தம் முறிந்தது. பதிவின் உரிமையைக் குழுவே கொண்டு சென்றது.

முதலில் 2001 செப்டம்பர் 11 வெளியீட்டு நாளாகத் திட்டமிடப்பட்டிருந்தது. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட அதே நாள் அது. அந்நாளில் ஆல்பம் வெளிவரவில்லை. ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 18 அன்று, குழு தன் இணையதளத்தில் முழு ஆல்பத்தையும் கட்டணமின்றிக் கேட்கும்படி வைத்தது. பாடல்கள் ஏற்கெனவே கோப்புப் பகிர்வு வழியாகக் கசிந்துகொண்டிருந்ததும் இதற்கு ஒரு காரணம்.

கேட்டவர்களின் கருத்துகள்

அந்த ஆண்டின் பிற்பகுதியில் நடந்த கச்சேரிகளில் வியப்பான ஒன்று நிகழ்ந்தது. கடைக்கு வராத பாடல்களை ரசிகர்கள் சேர்ந்து பாடினர். விளம்பரமும் இல்லை, வானொலி ஒலிபரப்பும் இல்லை. ஆயினும் பாடல்கள் மனப்பாடமாகியிருந்தன.

எல்லோரும் ஒரே மாதிரி கேட்டார்கள் என்று கொள்ளக்கூடாது. பழைய கன்ட்ரி பாணியை விரும்பியவர்களில் சிலருக்கு, நல்ல மெட்டுகளை இரைச்சல் மறைப்பதாகத் தோன்றியது. வேறு சிலருக்கு அந்த இரைச்சலே பாடலின் பொருளாகப் பட்டது. ஒருவரோடு ஒருவர் பேச முயன்றும் பேச்சு எட்டாமல் போவதை, இரு நிலையங்களுக்கு நடுவே சிக்கிய வானொலியின் ஒலி காட்டுகிறது என்பது அவர்கள் வாதம்.

மூன்றாவது வகைக் கருத்து காலத்தால் விளைந்தது. ஆட்டம் காணும் உயர்ந்த கட்டடங்கள், சாம்பல், கொடி, போர் ஆகியவை பாடல் வரிகளிலும் தலைப்புகளிலும் வருகின்றன. அட்டைப்படத்தில் சிகாகோவின் மரினா சிட்டி இரட்டைக் கட்டடங்கள் உள்ளன. செப்டம்பர் 11-க்குப் பின் கேட்டவர்கள் இவற்றை அந்தத் துயரத்தோடு இணைத்துப் பார்த்தனர். பாடல்கள் எழுதப்பட்டது தாக்குதலுக்கு முன்பு. எனவே இதைத் தீர்க்கதரிசனம் என்பதைவிட, துயருற்ற மக்கள் தங்கள் கையில் கிடைத்த இசையில் ஆறுதல் கண்டனர் என்பதே பொருந்தும்.

ஆல்பம் பெற்ற புகழில் பாதி அதன் மறுப்புக் கதையால் வந்தது என்ற ஐயமும் எழுந்தது. இது முற்றிலும் தள்ளத்தக்கதன்று. ஆனால் கதை ஒருவரை ஒருமுறை கேட்க வைக்கலாம். இருபது ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கேட்க வைக்காது.

வெளியீடும் பின்விளைவும்

2001 நவம்பரில் நான்சச் என்ற நிறுவனம் குழுவை ஒப்பந்தம் செய்து, 2002 ஏப்ரல் 23 அன்று ஆல்பத்தை வெளியிட்டது. நான்சச்சும் அதே ஏஓஎல் டைம் வார்னர் குழுமத்தைச் சேர்ந்ததே. ஆகவே, ஒரு கிளை வேண்டாமென்று விட்டதை மற்றொரு கிளை பணம் கொடுத்து வாங்கியது. ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 13-ஆம் இடத்தில் நுழைந்தது. அதுவரை வில்கோ எட்டிய மிக உயர்ந்த இடம் அதுவே. வில்லேஜ் வாய்ஸ் இதழ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் 2002-இன் சிறந்த ஆல்பமாகத் தேர்வாயிற்று. பின்னர் 5,00,000 பிரதிகளுக்கு உரிய தங்கச் சான்றிதழும் பெற்றது. இந்த நிகழ்வுகளை சாம் ஜோன்ஸ் ஆவணப்படமாக எடுத்தார். அது 2002-இல் வெளிவந்தது.

2022-இல் வந்த இருபதாம் ஆண்டு சிறப்புப் பதிப்பில் பாடல்களின் முந்தைய வடிவங்களும் இடம்பெற்றன. எது சேர்க்கப்பட்டது, எது நீக்கப்பட்டது என்பதைக் கேட்பவர்களே ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அப்பதிப்பு சிறந்த வரலாற்று ஆல்பத்துக்கான கிராமி விருதை 2023-இல் பெற்றது. இதற்கிடையே 2011-இல் வில்கோ டிபிபிஎம் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, இண்டி என்ற சொல்லின் முதல் பொருளுக்கும் உரியதாயிற்று.

மதிப்பீடு

இந்த வரலாற்றை "அறிவற்ற நிறுவனம், அறிவுள்ள ரசிகர்" என்று சுருக்கிவிடுவது எளிது; ஆனால் சரியன்று. இதில் வானொலி வெற்றிப் பாடல் இல்லை என்று ரிப்ரைஸ் கணித்தது; பெரிய வானொலி வெற்றி எதுவும் பின்னரும் வரவில்லை. அந்தக் கணிப்பு பலித்தது. தவறு வேறிடத்தில் இருந்தது. வானொலிக்கு ஏற்காதது கேட்பவருக்கும் ஏற்காது என்று அவர்கள் எண்ணினர். 2001-இல் இணையம் அந்த இரண்டையும் முதன்முறையாகப் பிரித்துக் காட்டத் தொடங்கியிருந்தது. வானொலிக்குப் பாடல் தேர்ந்தெடுப்பவர் முதல் சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டியவர். வீட்டில் கேட்பவருக்கு அந்த அவசரம் இல்லை. முதல்முறை புரியாததை அவர் மறுநாளும் கேட்கலாம். இந்த ஆல்பத்துக்கு வாழ்வு தந்தது அந்த மறுநாள் கேட்டல்தான்.