கயக்: கடன் வாங்காத படகு

துருக்கியர் படகைக் 'கயிக்' என்பர். வடதுருவக் கடல்களின் தோல்படகு 'கயக்'. ஆகவே முன்னதே பின்னதற்கு மூலம் என்று எழுதுவோர் பெருகிவிட்டனர். ஒலி ஒத்தால் வேரும் ஒக்கும் என்பது ஆராய்ச்சி ஆகாது. தெற்கு அலாஸ்காவின் கோடியாக் தீவில் வாழும் அலூட்டிக் மக்களின் இலக்கணமே இதை மறுக்கிறது. அவர்கள் மொழியில் ஒரு படகு 'கயக்'. அதன் ஈற்றுமெய் உள்நாக்கில் பிறப்பது. பல படகுகள் என்றால் 'கயத்'. அந்த ஈற்றுமெய் மறைந்துவிடுகிறது. துருக்கிப் பன்மையான 'கயிக்லர்' ககரத்தை விடுவதில்லை. மேலும், 11ஆம் நூற்றாண்டில் மகமூது காஷ்கரி தொகுத்த துருக்கிய மொழி அகராதியில் இச்சொல்லின் வடிவம் 'கய்குக்'. உறவுச்சொற்கள் என்றால் காலத்தில் பின்னே போகப்போக நெருங்கவேண்டும்; இவையோ விலகுகின்றன.

சைபீரியா வழியாகப் பண்டே வந்திருக்கலாமே என்பர். வந்த சொல் வழியிலுள்ள மொழிகளில் தடம் விட்டிருக்கவேண்டும். அத்தடத்தை எவரும் காட்டவில்லை. மாறாக, அலூட்டிக்கிலும் அதன் உறவுமொழியான யூப்பிக்கிலும் வழங்கும் அதே சொல்தான் கிரீன்லாந்திலும் வழங்குகிறது. பலர் ஏறும் பெரிய தோல்படகுக்கு அலூட்டிக்கில் 'அங்யக்', கிரீன்லாந்தில் 'உமியக்' எனப் பெயர் பிரிந்துவிட்டது. வேட்டைப்படகான கயக்கின் பெயர் பிரியவில்லை. கிரீன்லாந்து மக்களின் முன்னோரான தூலே மக்கள் அலாஸ்காவிலிருந்து கிழக்கே பெயர்வதற்கு முன்பே இச்சொல் பொதுச்சொத்தாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பொருளும் அவர்களுடையதே. மரச்சட்டத்தின்மேல் கடல்நாய், கடற்சிங்கத் தோலைப் போர்த்தி, நீர் புகாதபடி பெண்கள் தைத்த படகு அது.

வந்தேறிய சொல் எப்படியிருக்கும் என்பதற்கும் அங்கேயே சான்று உண்டு. கயக்கைக் குறிக்கும் 'பைதார்க்கா' என்பதை அலூத் சொல் என்று பலர் எழுதுகின்றனர், தவறு. அது 'பைதாரா' என்னும் ரஷ்யச் சொல்லின் குறுமை வடிவம். 1784இல் ரஷ்ய வணிகர் ஷெலிகோவ் கோடியாக்கில் குடியேற்றம் அமைத்து, கடல்நீர்நாய்த் தோல் வணிகம் பெருகிய காலத்தில் அங்கே வேரூன்றியது. 'அலூட்டிக்' என்ற இனப்பெயரும் ரஷ்யர் சூட்டிய 'அலூத்' இம்மக்கள் நாவில் திரிந்ததே. அவர்களின் சொந்தப் பெயர் 'சுக்பியக்': 'சுக்' மனிதன், 'பியக்' உண்மையான. பெயரைக்கூடப் பிறர் மாற்றிய மக்களிடமிருந்து படகின் பெயரையும் பறிக்கவேண்டாம். கயக் அதைக் கட்டியவர்களின் சொல். இதில் எனக்கு ஐயமில்லை.