ஒரு கல்லூரி, நான்கு பெண்கள்

எங்கள் ஊர்களில் ஒரு பெண்பிள்ளை உயர்தரம் முடித்ததும் "இனி என்ன?" என்ற கேள்வி வீட்டுக்குள் வந்துவிடுகிறது. வைத்தியர், ஆசிரியை, அல்லது கலியாணம் என்று பதில்களும் ஏற்கெனவே தயாராக இருக்கும். போரால் படிப்பு முறிந்தவர்களுக்கு அந்தக் கேள்விகூட வாய்க்கவில்லை. ஒரே கல்லூரியில் படித்த பெண்கள் எத்தனை திசைகளில் போனார்கள் என்று அறிய விரும்பி, அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்கு அருகிலுள்ள வெல்ஸ்லி பெண்கள் கல்லூரியைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அது 1875இல் மாணவிகளுக்குத் திறக்கப்பட்டது. அமெரிக்க மிஷனரிமார் உடுவிலில் பெண்கள் பாடசாலை தொடங்கியது 1824இல். அந்த வகையில் எங்கள் மண் பிந்தியதல்ல. வெல்ஸ்லியின் தலைவர்களாகத் தொடக்கம் முதலே பெண்களே இருந்து வருகிறார்கள். 1878இலேயே அங்கு மாணவிகளுக்குப் பௌதிகவியல் ஆய்வுகூடம் இருந்தது.

அந்த ஆய்வுகூடத்தில் படித்தவர் ஆனி ஜம்ப் கனன். 1884இல் பட்டம் பெற்றபின் சுமார் பத்து ஆண்டுகள் பெற்றோர் வீட்டிலேயே இருந்தார். செவிப்புலனையும் பெருமளவு இழந்திருந்தார். தாய் இறந்தபின் மீண்டும் படிக்கப் போய், 1896இல் ஹாவார்ட் வானியல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சுமார் மூன்றரை இலட்சம் நட்சத்திரங்களை வகைப்படுத்தினார். அவர் செம்மைப்படுத்திய முறையே இன்றும் வானியலின் அடிப்படை. ஆயினும் ஹாவார்ட் அவருக்கு முறையான பதவி கொடுத்தது 1938இல்தான்.

மடலின் ஆல்பிரைட் ஓர் அகதிப் பிள்ளை. 1937இல் பிராக் நகரில் பிறந்தார். நாசிகளுக்கும் பின்னர் கம்யூனிச ஆட்சிக்கும் அஞ்சி அவரது குடும்பம் இரண்டு தடவைகள் நாட்டை விட்டு வெளியேறியது. 1959இல் வெல்ஸ்லியில் பட்டம் பெற்றார். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றது 1976இல். 1997இல் அமெரிக்காவின் முதல் பெண் இராஜாங்கச் செயலாளரானார்.

1912இல் பட்டம் பெற்ற மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் பத்திரிகையாளர். புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் வெறும் பாழ்நிலமல்ல என்று 1947இல் நூல் எழுதினார். அதைக் காக்க 1969இல் அமைப்புத் தொடங்கியபோது அவருக்கு வயது 79.

எல்லாக் கதையும் போற்றத்தக்கதல்ல. 1917இல் பட்டம் பெற்ற சூங் மேய்-லிங், சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் மனைவியானார். 1943இல் அமெரிக்கக் காங்கிரசில் உரையாற்றி உலகப் புகழ் பெற்றார். ஆனால் அவரது கணவரின் ஆட்சி 1949இல் தாய்வானில் கொண்டுவந்த இராணுவச் சட்டம் 1987வரை நீடித்தது. பலர் சிறைப்பட்டனர், கொல்லப்பட்டனர். அவசரகாலச் சட்டத்தின் கீழ் வாழ்ந்த எங்களுக்கு அது எதைக் குறிக்கும் என்று தெரியும். படிப்பு ஒருவருக்கு ஆற்றலைத் தரும், நீதியுணர்வையும் சேர்த்துத் தரும் என்று சொல்ல முடியாது.

வெல்ஸ்லி வசதி படைத்த கல்லூரி. முகாமிலிருந்து வந்த எங்கள் பிள்ளைகளின் நிலையோடு அதை ஒப்பிட நான் முனையவில்லை. என் கண்ணில் பட்டது அந்த இடைவெளிகள்தான். கனனுக்குப் பத்து ஆண்டுகள், ஆல்பிரைட்டுக்குப் பதினேழு. வீட்டுப் பொறுப்பு அவர்களது பாதையை நீட்டியது, அடைத்துவிடவில்லை. திரும்பிப் போகக் கதவொன்று திறந்திருந்தது.

இங்கும் திறந்த பல்கலைக்கழகமும் வெளிவாரிப் பட்டப்படிப்புகளும் இருக்கின்றன. குடும்பத்தைத் தனியே சுமக்கும் முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி மறுபடி படிக்கப் போகிறேன் என்றால், "இந்த வயதில் என்னத்துக்கு?" என்று கேட்காதிருப்போம். அவள் பிள்ளைகளை மாலையில் இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய உதவி.