மிசிஸ் மலப்ரொப்பின் தாய்வீடு

ஆங்கில பாடத்தில் ‘பன்’, ‘விற்’, ‘சற்றயர்’ என்று பகிடியோடு சேர்ந்த சொற்களை நாம் பாடமாக்கிய நாட்களில், எல்லோருக்கும் பிடித்தது ‘மலப்ரொபிசம்’தான். ஒரு சொல்லை நினைத்து, அதைப்போல ஒலிக்கும் வேறொன்றைச் சொல்லிவிடுவது. வகுப்பில் எவள் தடுமாறினாலும் உடனே ‘மிசிஸ் மலப்ரொப்’ என்று பட்டம் கட்டிவிடுவோம். நானும் ஒரு தவணை முழுக்க அதைச் சுமந்தவள்தான்.

றிச்சர்ட் ஷெரிடனின் ‘த றைவல்ஸ்’ நாடகம் 1775இல் லண்டனில் அரங்கேறியது. அதில் வரும் இந்த அம்மையார் ‘அலிகேற்றர்’ என்ற இடத்தில் ‘அலிகொறி’ என்பார். முதலை உருவகக் கதையாகிவிடும். பெண்பிள்ளைக்கு அதிகம் படிப்பு ஆகாது என்பதும் அவருடைய கட்சி!

ஆனால் இந்தப் பகிடிக்கு விதை போட்டவர் ஷெரிடனின் தாய் பிரான்சிஸ். 1724இல் டப்ளினில் பிறந்தவர். பெண்கள் எழுதப் பழகுவதை அவருடைய பாதிரியார் தந்தை விரும்பவில்லை; சகோதரர்கள்தான் ஒளித்துக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கையால் நாவல்களும் நாடகங்களும் எழுதினார். ‘எ ஜேர்னி ரு பாத்’ என்ற நாடகத்தில் மிசிஸ் றைபோர்ட் என்றொரு பெண் இதேபோலச் சொற்களைக் குழப்புகிறாள். புகழ்பெற்ற நடிகர் கறிக் அதை மேடையேற்ற மறுத்துவிட்டார். 1766இல் தாய் இறந்தபோது மகனுக்கு வயது 14.

அகராதியில் ஏறியது மகன் வைத்த பெயர். எங்களுக்குப் படிப்பித்த ஆசிரியை இந்தத் தாயைப் பற்றிச் சொன்னதில்லை. அவருக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.